ஆலிஸும் ஃப்ளோவும்: கேட் புல்லிங்கரின் டிஜிட்டல் புனைகதைகள்

திரையில் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட கதை என்றதும், அச்சுப் புத்தகத்தை அப்படியே கைப்பேசிக்குள் கொண்டுவந்த மின்னூலைத்தான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறோம். கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் எழுத்து வாழ்க்கையை அமைத்துக்கொண்ட நாவலாசிரியர் கேட் புல்லிங்கர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேறொரு பாதையில் நடந்துவருகிறார். ஒலியையும் படத்தையும் வாசகரின் விரல் அசைவையும் நீக்கிவிட்டால் கதையே இல்லாமல் போய்விடும் என்னும்படியான படைப்புகள் சிலவற்றை அவர் உருவாக்கியிருக்கிறார். அவற்றுள் 2005-இல் தொடங்கிய 'இனானிமேட் ஆலிஸ்' தொடரையும், 2018-இல் வெளியான 'ப்ரீத்' என்ற கைப்பேசிக் கதையையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். புனைகதை எழுதுகிறவர்கள் இரண்டையும் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தொழில்நுட்பம் எந்த இடத்தில் கதைக்கு உழைக்கிறது, எந்த இடத்தில் கதையை நிறுத்திவைத்துத் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்பதை இவ்விரு படைப்புகளும் பக்கத்துக்குப் பக்கம் தெளிவாகக் காட்டுகின்றன.

புல்லிங்கரின் பணிவாழ்க்கையைச் சற்றுத் தெரிந்துகொண்டு படித்தால் இந்தப் படைப்புகள் கூடுதலாகப் பிடிபடும். 1961-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் க்ரான்புரூக் நகரில் பிறந்த அவர், மெக்கில் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு, யூகான் பகுதியில் செம்புச் சுரங்கமொன்றில் வேலை செய்தார். பிறகு பயணங்கள் மேற்கொண்டு, 1982-இல் லண்டனில் குடியேறினார். 1988-இல் முதல் சிறுகதைத் தொகுப்பும் அடுத்த ஆண்டில் முதல் நாவலும் வெளியாயின. திரைப்பட இயக்குநர் ஜேன் கேம்பியனுடன் இணைந்து 'தி பியானோ' திரைப்படத்தை நாவலாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு எகிப்தில், ஓர் ஆங்கிலச் சீமாட்டியின் பணிப்பெண்ணைச் சுற்றி நிகழும் 'தி மிஸ்ட்ரஸ் ஆஃப் நத்திங்' என்ற நாவலுக்காக 2009-இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் இலக்கிய விருதைப் பெற்றார். நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'ட்ரேஸ்' என்னும் இணைய எழுத்து மையத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்து பணியாற்றியபோதுதான் இணையத்தில் எழுதுவதன் பக்கம் அவர் கவனம் திரும்பியது. பின்னர் பாத் ஸ்பா பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்தும் டிஜிட்டல் ஊடகமும் கற்பிக்கும் பேராசிரியரானார். ஒரு பெரிய வரலாற்று நாவலைப் பல ஆண்டுகள் வைத்து எழுதிக்கொண்டிருந்த அதே கை, அதே காலத்தில், ஒரு திரைக்கு இரண்டு வாக்கியங்கள் என்ற கணக்கில் ஆலிஸையும் எழுதியது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை என்பதற்கு அந்த விருதும் ஆலிஸின் வாக்கியங்களும் சாட்சி.

'இனானிமேட் ஆலிஸ்' புல்லிங்கர் தனியாகச் செய்தது அன்று. தயாரிப்பாளர் இயன் ஹார்ப்பர் மனத்தில் வைத்திருந்த ஒரு திரைப்படக் கதையிலிருந்து ஆலிஸ் என்ற பெண் தோன்றினாள். எழுத்தைப் புல்லிங்கரும், படத்தையும் இசையையும் வாசகர் சொடுக்கும் அமைப்பையும் டிஜிட்டல் கலைஞர் கிறிஸ் ஜோசஃபும் ஏற்றுக்கொண்டார்கள். ஆலிஸ் வளர்ந்து ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தில் பணிபுரியும் பெண்ணாகும் வரை பத்து அத்தியாயங்களில் கதையைச் சொல்வது திட்டமாக இருந்தது. முதல் நான்கு அத்தியாயங்கள் 2005-க்கும் 2008-க்கும் இடையில் யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் வெளிவந்தன.

முதல் அத்தியாயத்தில் ஆலிஸுக்கு எட்டு வயது. தந்தை எண்ணெய் வளம் தேடும் பணியில் இருப்பவர். சீனாவின் வடபகுதியில் தொலைதூர முகாமொன்றில் குடும்பம் தங்கியிருக்கிறது. வெளியே போன தந்தை திரும்பவில்லை. தாய் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அவரைத் தேடிப் புறப்படுகிறாள். இவ்வளவுதான் நிகழ்ச்சி. திரையில் ஒரு சாலை நகர்கிறது, கம்பங்கள் பின்னோக்கி ஓடுகின்றன, மின்கம்பி இரைச்சலைப் போன்ற ஒலி அடியில் ஓயாமல் கேட்கிறது. ஒவ்வொரு திரையிலும் குழந்தை தன் வாயால் சொல்லும் ஓரிரு சிறிய வாக்கியங்கள் தோன்றுகின்றன. அவற்றைப் படித்துவிட்டு ஓரத்தில் உள்ள அம்புக்குறியைச் சொடுக்கினால் அடுத்தது வருகிறது. அம்மா பயந்திருக்கிறாள் என்று அந்த வாக்கியங்களில் நேராகச் சொல்லப்படுவது குறைவு. ஆனால் சாலை ஓடும் விதமும் ஒலி ஏறுவதும் அதைச் சொல்லிவிடுகின்றன. குழந்தை தன் கையிலுள்ள சிறிய மின்கருவியில் படம் வரைந்தும் வழியில் கண்ட காட்டுப்பூக்களைப் படம் பிடித்தும் அச்சத்தை விலக்கப் பார்க்கிறாள். அந்தக் கருவியில் அவளாகவே வரைந்து உருவாக்கிய பிராட் என்ற நண்பனுக்கு அவளுடைய வாழ்க்கையில் உள்ள இடத்தை அப்போது நாம் உணர்கிறோம். பூக்களைப் பிடிக்கும் வேலை வாசகரின் கையில் விடப்படுகிறது. சொடுக்கியபடியே பூக்களைச் சேர்க்கும்போது, பயத்தில் இருக்கும் குழந்தை ஏன் இப்படியொரு காரியத்தில் தன்னை ஈடுபடுத்திக்கொள்கிறது என்பது படிப்பவரின் விரலுக்கே புரிந்துவிடுகிறது.

இந்தத் தொடரில் நான் மிகவும் மதிக்கும் முடிவு ஒன்று உண்டு. ஆலிஸின் முகத்தை நாம் ஒருபோதும் பார்ப்பதில்லை. யாருடைய குரலும் ஒலிப்பதில்லை. படமும் இசையும் காணொளியும் கையில் இருக்கும்போது முகத்தையும் குரலையும் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். கொடுத்திருந்தால் இது ஒரு சிறிய அசைவுப்படமாகச் சுருங்கியிருக்கும். அவற்றைக் கொடுக்காததால் எழுத்து தன் இடத்தை இழக்கவில்லை. ஆலிஸின் குரல் எப்படி இருக்கும் என்பதை, நாவல் படிக்கும்போது செய்வதைப் போலவே, வாசகர் தமக்குள் கேட்டுக்கொள்கிறார். நாவலாசிரியர் ஒருவர் இந்தக் குழுவில் இருந்ததன் பயனை இங்கேதான் தெளிவாகக் காண்கிறேன். எதை எழுதாமல் விட்டால் ஒலி அதைச் சுமக்கும், எதைக் காட்டாமல் விட்டால் வாக்கியம் அதைச் சுமக்கும் என்ற கணக்கு நீண்ட காலம் வாக்கியங்களோடு பழகியவர்களுக்கே கைவருவது.

வடிவத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலிஸின் வயது ஏற ஏற அத்தியாயங்களும் நீள்கின்றன, வாசகரிடம் கேட்கும் வேலையும் கூடுகிறது. எட்டு வயதுக் குழந்தை சொல்லும் கதை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பதினான்கு வயதுப் பெண்ணின் கதையில் வாசகர் வழி தேடி அலைய வேண்டியிருக்கிறது. விளையாட்டுகளை வடிவமைக்கப்போகும் ஒரு பெண்ணின் கைத்திறன் வளர்வதை அவள் வாழ்க்கைக் கதையின் கட்டமைப்பிலேயே காட்டியிருப்பது மிக நேர்த்தியான சிந்தனை. அச்சுப் புத்தகத்தில் இதற்கு ஈடாக ஒன்றைச் செய்வது கடினம்.

நான்கில் மூன்றாவது அத்தியாயமே உச்சம் என்று கருதுகிறேன். மாஸ்கோவில் பதின்மூன்று வயது ஆலிஸ் ஓர் அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறாள். வெளியே தந்தையிடம் சிலர் மிரட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் தன் கருவியில் ரஷ்யப் பொம்மைகளைச் சேகரிக்கும் விளையாட்டொன்றை உருவாக்கியிருக்கிறாள். ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்கும் அந்தப் பொம்மைகள் காட்சிக்குக் காட்சி தோன்றுகின்றன. மிரட்டலின் நடுவிலும் அவற்றைத் தேடிச் சொடுக்கும் வாசகர், ஆலிஸ் அந்த அலமாரிக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறாளோ அதையே செய்துகொண்டிருக்கிறார். விளையாட்டு கதைக்கு வெளியே நிற்கும் அலங்காரமாக இல்லாமல் பாத்திரத்தின் மனநிலையாகவே மாறிவிட்டது. இரண்டாம் அத்தியாயத்தில், ஆல்ப்ஸ் மலையின் பனியில் பெற்றோரைக் காணாமல் தவிக்கும் பத்து வயது ஆலிஸிடமும் இதன் தொடக்கம் தெரிகிறது. அங்கே கதையின் இழை மெலிந்தது என்பதால் அதிகம் சொல்வதற்கில்லை.

நான்காம் அத்தியாயத்தில் எனக்குக் குறை உண்டு. குடும்பம் இங்கிலாந்தின் ஒரு தொழில்நகரத்துக்கு வந்துவிட்டது. ஆலிஸுக்கு முதல்முறையாக வகுப்புத் தோழர்கள் கிடைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சவாலுக்காகக் கைவிடப்பட்ட கட்டடமொன்றின் வெளிப்புறப் படிக்கட்டில் ஏறுகிறாள், படிக்கட்டு இடிந்து விழுகிறது. தொடக்கம் அபாரமானது. ஆனால் அதன் பிறகு பாழடைந்த கட்டடத்துக்குள் வெளியேறும் வழியைத் தேடும் பகுதியில், திரும்பத் திரும்பப் பார்த்த மூலைகளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அச்சம் மெல்ல வடிந்து சலிப்பு தலைகாட்டுகிறது. ஆலிஸ் அங்கே சலிப்படையவில்லையே, உயிர்ப்பயத்தில் அல்லவா இருக்கிறாள்! பாத்திரத்தின் உணர்வும் வாசகரின் உணர்வும் பிரிந்துவிடும் அந்த இடத்தில் விளையாட்டு வெற்றிபெற்றுக் கதை பின்தங்குகிறது. ஐந்தாம் அத்தியாயம் 2014-இல்தான் வந்தது. அதில் ஆண்டி கேம்ப்பெல் டிஜிட்டல் கலைஞராகச் சேர்ந்தார். காட்சிகள் அழகு கூடியிருக்கின்றன. எனினும் முதல் மூன்று அத்தியாயங்களில் இருந்த சொற்சிக்கனமே எனக்கு உயர்வாகப் படுகிறது.

நான்காம் அத்தியாயத்துக்குப் பின் ஏற்பட்ட நீண்ட இடைவெளியில் நிகழ்ந்த ஒன்று புல்லிங்கரின் பணிவாழ்க்கைக்கே புதிய திசை காட்டியது. பல நாடுகளின் ஆசிரியர்கள் இந்தத் தொடரை வகுப்புக்கு எடுத்துச் சென்றார்கள். அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திராமல் மாணவர்களே தங்கள் சொந்த அத்தியாயங்களை எழுதிப் படமும் ஒலியும் சேர்த்து உருவாக்கினார்கள். அமெரிக்கப் பள்ளி நூலகர்கள் சங்கம் 2012-இல் கற்றலுக்கும் கற்பித்தலுக்கும் உகந்த தளங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. வாசகரைப் படைப்புக்குள் எழுத வைக்கும் ஆசை அவரிடம் முன்பே இருந்தது. மேற்கு லண்டனில் விமானத்தின் சக்கரப் பெட்டிக்குள் ஒளிந்து பயணம் செய்தவர் கீழே விழுந்து இறந்த செய்தியிலிருந்து பிறந்த 'ஃப்ளைட் பாத்ஸ்' என்ற திட்டத்தை 2007-இல் ஜோசஃபுடன் தொடங்கியபோது, கதைத்துணுக்குகள், படங்கள், நினைவுகள் ஆகியவற்றை அனுப்பும்படி வாசகர்களை வெளிப்படையாக அழைத்தார். அதே கருவிலிருந்து 2014-இல் 'லேண்டிங் கியர்' என்ற அச்சு நாவலை எழுதினார். அதே ஆண்டில் நாடகாசிரியர் நீல் பார்ட்லெட்டுடன் இணைந்து, லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில் கடிதம் படித்தபடி நிற்கும் போர்வீரன் சிலைக்கு யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம் என்று அழைத்தார். 21,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன, அவற்றின் தேர்வு நூலாகவும் வெளிவந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, திரையில் கண்டதை அச்சுக்கும் அச்சில் கண்டதைத் திரைக்கும் மாற்றி மாற்றி எடுத்துச் செல்லும் ஓர் எழுத்தாளரின் அன்றாட உழைப்பு தெரிகிறது. அவருக்குத் திரை என்பது நாவலைக் கைவிட்டுப் போய்ச் சேரும் இடமாக இருந்ததே இல்லை.

இனி 'ப்ரீத்'. வாசகரின் சுற்றுப்புறத்தையும் கதையின் பகுதியாக்கும் இலக்கியத்தை ஆராயும் திட்டமொன்றை மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம், பாத் ஸ்பா, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தின. அதற்காக எழுதப்பட்ட இந்தக் கதையை லண்டனின் விஷுவல் எடிஷன்ஸ் பதிப்பகமும் சிட்னியிலுள்ள கூகுள் கிரியேட்டிவ் லேபும் சேர்ந்து வெளியிட்டன. செயலி எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. கைப்பேசியின் உலாவியிலேயே திறக்கலாம். திறந்தவுடன் நீங்கள் இருக்கும் இடத்தை அறியவும் கேமராவைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்கிறது. இந்த அனுமதிகளைக் கொடுக்கத் தயங்குவது இயல்பே. ஆனால் கொடுக்காமல் படிப்பது வீண், ஏனெனில் கதையின் உயிர் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

ஃப்ளோ என்ற இளம்பெண்ணுக்கு இறந்தவர்களோடு பேசும் ஆற்றல் இருக்கிறது. தன் சிறுவயதிலேயே இறந்துபோன தாய் கிளாராவோடு பேச வேண்டும் என்பது மட்டுமே அவள் விருப்பம். ஆனால் வேறு ஆவிகள் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த வேறு ஆவிகள் அவளுடைய அறையிலிருந்து நகர்ந்து உங்களுடைய அறைக்கு வந்துவிடுகின்றன என்பதுதான் படைப்பின் கற்பனை. நீங்கள் இருக்கும் வட்டாரத்தின் பெயர், அப்போதைய பொழுது, வெளியே உள்ள வானிலை ஆகியவற்றை எடுத்து வாக்கியங்களுக்குள் வைக்கிறது. இரவில் என் மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, புரட்டிய ஒரு பக்கத்தில் சொற்களுக்குப் பின்னணியாக மங்கிய நிறத்தில் ஏதோ ஒரு தளம் தெரிந்தது. மேசை விளிம்பும் அதற்குக் கீழே இருந்த தரை ஓடுகளின் கோடுகளும் அவை என்று உணர ஒரு கணம் ஆயிற்று. ஆவி எங்கே நிற்கிறது என்று எழுத்து சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நம்முடைய பேய்க்கதைகளிலெல்லாம் பேய் இருக்கும் புளியமரத்தைக் கதை சொல்பவர்தான் காட்டுவார். இங்கே படிப்பவரின் கைப்பேசியே அந்த இடத்தைக் காட்டுகிறது.

அந்தத் திகைப்பு உண்மையானது, அதற்காகவே இதைப் படிக்கலாம். ஆனால் அது இரண்டாம் முறை வரும்போது வலிமை குறைந்துவிடுகிறது. கதை சிறியது, ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஆகவே அந்தத் தளர்ச்சி பெரிதாக வளர்வதற்குள் கதையும் முடிந்துவிடுகிறது என்பது நல்ல கணிப்பு. என் உண்மையான வருத்தம் வேறு. ஃப்ளோவுக்கும் அவள் தாய்க்கும் இடையே உள்ள இழப்பு மனத்தைத் தொடும்படி எழுதப்பட்டிருக்கிறது; இன்னும் சில பக்கங்கள் அங்கே தங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. இடமறியும் உத்தி குறுக்கிடும்போது கவனம் முழுவதும் வாசகராகிய நம் பக்கம் திரும்பிவிடுவதால் ஃப்ளோவின் துயரம் ஓரமாகிறது. இடத்தைப் பற்றிய அதன் அறிவும் வரைபடத்தின் எல்லைக்கு உட்பட்டதே. வரைபடத்தில் பதிந்த பெயரைக் கதை சொல்லும். தெருவில் இருப்பவர்கள் அந்த இடத்தை எப்படி அழைக்கிறார்கள், அங்கே முன்பு என்ன நடந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆவிகளைப் பற்றிய கதையில் இந்த அறியாமை சற்று உறுத்துகிறது. ஓர் இடத்தின் ஆவி என்றால் அந்த இடத்தின் பழைய சேதி ஒன்றையாவது அது அறிந்திருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது.

இவ்வகைப் படைப்புகளை மதிப்பிடும்போது அவை நின்று நிலைக்குமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆலிஸின் தொடக்க அத்தியாயங்கள் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்யப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியபோது, உலகெங்கும் எத்தனையோ மின்னிலக்கியப் படைப்புகள் திறக்க முடியாதவையாகிவிட்டன. ஆலிஸைப் பாதுகாக்கும் பணியில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகத்திலுள்ள மின்னிலக்கிய ஆய்வகம் ஈடுபட்டது. 2009-இல் வந்த எகிப்து நாவலின் பிரதி எந்த நூலகத்தின் அலமாரியிலும் யாருடைய தயவும் இல்லாமல் இருக்கும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு வெளிவந்த ஆலிஸைத் திறந்து படிப்பதற்கோ ஓர் ஆய்வகத்தின் உழைப்பு தேவைப்படுகிறது. 'ப்ரீத்' இதைவிடவும் எளிதில் உடையக்கூடியது. வரைபடம், வானிலைத் தரவு, உலாவியின் கேமரா அனுமதி என்று பிறர் நடத்தும் பல சேவைகளை நம்பி அது இயங்குகிறது. அவற்றுள் ஒன்று மாறினாலும் ஒரு பக்கம் வாய்மூடிவிடும். ஓர் எழுத்தாளர் தன் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளை இப்படிப்பட்ட மண்ணில் விதைப்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை நான் மனமார மதிக்கிறேன். அதே காரணத்தால், இவற்றைப் பின்னொரு நாள் படித்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் இணையம் நாவலுக்குப் பெரும் இடம் கொடுத்திருக்கிறது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' நாவல் வரிசையை நாள்தோறும் தம் தளத்தில் வெளியிட்டார். தொடர்கதைச் செயலிகளில் எழுதும் பெண்களின் எண்ணிக்கையும் பெரிது. எனினும் அங்கெல்லாம் திரை என்பது விரைவாகவும் செலவின்றியும் வாசகரை அடையும் தாளாகவே இருக்கிறது. ஒலியையும் தொடுதலையும் கதை சொல்லும் கருவியாக எடுத்துக்கொண்ட முயற்சிகள் அரிது. அத்தகைய முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு ஆலிஸின் முதல் அத்தியாயத்தைவிட நல்ல பாடம் இல்லை. எத்தனை சொற்களில் அது முடிந்துவிடுகிறது என்று ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தால், ஒலிக்கும் படத்துக்கும் விட்டுக்கொடுக்கப்பட்ட இடங்கள் எவை என்பது வரிக்கு வரி தெரியவரும்.

படிக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலம் எளிமையானது, பள்ளி இறுதி வகுப்பு மாணவர்கள் அகராதியின் துணையின்றியே படித்துவிடலாம். ஆலிஸைக் கணினித் திரையில், ஹெட்போன் அணிந்துகொண்டு படிக்க வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அந்த அடிநாதம் காணாமல் போய்விடுகிறது, அதோடு கதையின் பாதியும் போய்விடுகிறது. நேரம் குறைவாக உள்ளவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் படித்தால்கூடப் போதும், ஆனால் அந்த வரிசையில் படிக்க வேண்டும். 'ப்ரீத்'தை வீட்டில், தனியாக, வெளிச்சம் மிகுந்திராத நேரத்தில் படிப்பது நல்லது. பேருந்திலோ அலுவலகத்திலோ திறந்தால் கேமரா எடுக்கும் படத்தில் நமக்கு ஒட்டுதல் ஏற்படுவதில்லை.